பூஜைத் தட்டில் இருபத்தெட்டுக் கல்

என் தம்பி தீனதயாளனுக்குப் போன தை மாதத்தோடு நாற்பத்திரண்டு வயது முடிந்தது. வெண்ணந்தூர் பஸ் ஸ்டாப்பில் இறங்கி, வைரம் தீட்டுகிறவர் வீடு எது என்று கேட்டால் வெங்காயம் விற்கிறவர்கூட வழி சொல்வார். வெளியூர்க்காரர்கள் அவனைப் பார்த்ததும் முதலில் விரலைத்தான் பார்ப்பார்கள், மோதிரம் கிடக்கிறதா என்று. அவன் விரலில் என்றைக்கும் எதுவும் கிடந்ததில்லை. கட்டை விரல் நகத்தில் கருப்பு எண்ணெய் ஏறியிருக்கும். எந்த சோப்புக்கும் அது போகாது. அவனுக்குப் பெண் பார்க்கப் போனபோது ஜெயப்பிரியாவின் அப்பா அந்த நகத்தைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைக்கு லாரிப் பட்டறைங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, வைரப் பட்டறை" என்றேன் நான்.

அவர் நம்பவில்லை. நேரில் வந்து பட்டறையைப் பார்த்து, ஒரு கல்லைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் சம்மதம் சொன்னார்.

நான் அவனுக்கு ஒன்பது வயது மூத்தவள். எங்கள் வீட்டில் அப்போது இரண்டு விசைத்தறி ஓடியது. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருக்கிறவரிடம் பேசுவதற்கே காதோடு வாய் வைத்துக் கத்த வேண்டும். தம்பிக்கு ஆறு வயது இருக்கும். வாசலில் கோலி விளையாடிக்கொண்டிருந்தவன் உள்ளே ஓடி வந்து, "அப்பா, ரெண்டாந் தறியில இழை போயிருச்சுங்க" என்றான். அப்பா தறியை நிறுத்திப் பார்த்தார். பாவில் ஒரே ஒரு இழை அறுந்திருந்தது.

"உனக்கு எப்படிடா தெரிஞ்சுது?"

"சத்தம் மாறுச்சுங்க."

அப்பா அவனுக்கு ஒரு கடலை மிட்டாய் கொடுத்தார். எல்லோரும் சிரித்தோம். அதோடு அதை மறந்துவிட்டோம்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும், 2002 ஆம் வருஷம், எங்கள் தெரு சந்திரசேகரோடு அவன் சூரத்துக்குப் போனான். சந்திரசேகர் அவனைவிட ஐந்து வயது பெரியவர், ஏற்கெனவே அங்கே வேலையில் இருந்தவர். ஆறு வருஷம் அங்கே இருந்து தொழில் கற்றான். 2008 தீபாவளிக்கு அமெரிக்காவில் பேங்க்குகள் விழுந்தன என்று சூரத்தில் பட்டறைகளை மூடினார்கள். ஒரு துணிப் பையோடு ஊருக்கு வந்தான். ஒரு வருஷம் லாரியில் கிளீனராகப் போனான். 2010 இல் சந்திரசேகர் ஊருக்குத் திரும்பி, நின்றுபோன ஒரு தறிக் கூடத்தை வாடகைக்குப் பிடித்து வைரப் பட்டறை போட்டார். சூரத்திலிருந்து கல் வரும், தீட்டி அனுப்ப வேண்டும். தம்பிதான் முதல் ஆள். கல்லை எடை போட்டு, எண் எழுதி, காகிதத்தில் ஐந்து மடிப்பாகப் பொட்டலம் மடிக்கும் வேலைக்கு நானும் அதே மாதம் போனேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பட்டறையில் கிராமபோன் தட்டுபோல ஒரு இரும்புச் சக்கரம் படுத்தவாக்கில் சுற்றும். அதன் மேல் வைரப் பொடியும் எண்ணெயும் தடவியிருக்கும். ஒரு சக்கரத்தைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து, கல்லை ஒரு பிடியில் பொருத்தி, சக்கரத்தில் வைத்து வைத்து எடுப்பார்கள். ஒரு கல்லுக்கு ஐம்பத்தேழு பட்டை. மரத்துக்கு ஓட்டம் இருப்பதுபோல வைரத்துக்கும் ஓட்டம் உண்டு. ஓட்டத்துக்கு எதிராக வைத்தால் கல் தேயாது, சக்கரம்தான் தேயும். மற்றவர்கள் நாலு தடவை திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். தம்பி ஒரு தடவை வைப்பான், தலையைச் சக்கரத்துப் பக்கம் சாய்ப்பான், கொஞ்சம் திருப்புவான், அவ்வளவுதான். கல் வழிக்கு வந்துவிடும்.

அவன் தலையைச் சாய்ப்பதைப் பார்த்து எதிரில் உட்காரும் பச்சமுத்து கிண்டல் செய்வான். "ஏனுங்கண்ணா, கல்லு என்ன ரகசியம் பேசுது? எங்க காதுலயும் சித்த சொல்லுங்க."

"உன்ற மாமியா ஊட்டுக் கதைதாண்டா."

"அது அல்லாருக்கும் தெரிஞ்ச கதைங்கண்ணா, அதுக்கு எதுக்குக் கல்லு?"

தன் சக்கரத்துப் பக்கம் பாட்டுப் போடத் தம்பி விட மாட்டான். மற்றச் சக்கரங்களில் நாள் முழுக்கப் பாட்டு ஓடும். இவன் பக்கம் வந்ததும் நிறுத்த வேண்டும். வேலையில் அவ்வளவு கவனம் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். ஒரு கல்லைக் கொடுத்து இது நேச்சுரலா, லேப் கல்லா என்று கேட்டால், சக்கரத்தில் அரை நிமிஷம் வைத்துவிட்டுச் சொல்லிவிடுவான். ஒரு தடவையும் தப்பியதில்லை. "எந்தம்பிக்குக் கண்ணுதாங்க மிஷினு" என்று நான் சொல்லாத ஆள் வெண்ணந்தூரில் கிடையாது.

லேப் கல் என்பது மண்ணில் விளையாமல் தொழிற்சாலையில் சில வாரத்தில் வளர்த்து எடுக்கும் வைரம். கண்ணாடி அல்ல, போலியும் அல்ல. அதுவும் வைரம்தான் என்று தம்பியே சொல்வான். விலைதான் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 2023 இல் முதல் லேப் பொட்டலம் பட்டறைக்கு வந்தது. அப்போது ஆறு சக்கரம், இருபத்து நாலு பேர். வெளிநாட்டு ஆர்டர் ஏற்கெனவே குறைந்துகொண்டிருந்தது. போன வருஷம் ஆவணியில் அமெரிக்காக்காரன் வரியை ஏற்றியதும் அடியோடு நின்றது. மூன்று சக்கரத்தைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தோம். மீதி மூன்றில் இரண்டு லேப் கல்லுக்கு. நேச்சுரலுக்கு ஒன்றே ஒன்று. அதில் தம்பி மட்டும் தனியாக உட்கார்ந்தான்.

ஏற்றுமதி இல்லையென்றால் உள்ளூரில் விற்போம் என்று சந்திரசேகர் முடிவு செய்தார். சூரத்திலிருந்து தீட்டாத பச்சைக் கல் வாங்கி வந்து, நம் பக்கத்துக் கல்யாண வீடுகளுக்கு ஏழு கல் தோட்டுக்குக் கல் தீட்டிக் கொடுப்பது. ஒரு தோட்டுக்கு ஏழு, ஜோடிக்குப் பதினாலு. எல்லாம் ஒரே அளவு, ஒரே வெண்மை. முதல் ஆர்டர் நாமகிரிப்பேட்டை மஞ்சள் வியாபாரி கருப்பண்ணனிடமிருந்து வந்தது. அவர் மகள் ஸ்ரீதேவிக்கு ஐப்பசியில் கல்யாணம். அதே அளவில் லேப் கல்லிலும் ஒரு ஜோடி வேண்டும் என்று ராசிபுரத்து நகைக் கடை ஒன்று கேட்டிருந்தது.

கல்லைத் தம்பியின் கையில் கொடுத்தபோது சந்திரசேகர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"தயா, இந்த ஒரு ஜோடிதான். இது நல்லபடியாப் போச்சுன்னா நாலு ஊட்டுல சொல்லுவாங்க, உன்ற சக்கரத்த ஓட்டிக்கலாம். இல்லீன்னா இதையும் லேப்புக்கு மாத்தறதத் தவிர எனக்கு வேற வழி இல்ல."

"நல்லாப் பண்ணிரலாமுங்கண்ணா" என்றான் தம்பி.

இரண்டு ஜோடியும் ஒன்றுபோல வர வேண்டும் என்று பதினாறு நாள் தானே தீட்டினான். கடைசிக் கல்லை என்னிடம் எடைக்குக் கொடுத்தது செப்டம்பர் முப்பதாம் தேதி. நூறு சென்ட் ஒரு கேரட். நேச்சுரல் பதினாலும் சேர்ந்து ஒரு கேரட் நாற்பத்தொரு சென்ட். லேப் பதினாலும் ஒரு கேரட் நாற்பத்திரண்டு சென்ட். நீலக் கோடு போட்ட காகிதத்தில் நேச்சுரலும், சிவப்புக் கோடு போட்டதில் லேப்பும் மடித்தேன்.

மறுநாள் ஆயுத பூஜை. தறி ஓடிய காலத்திலிருந்து எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம். தறிக்கு மட்டும் பொட்டு வைக்க மாட்டோம், அன்றைக்கு நெய்து முடித்த சேலையையும் தட்டில் வைத்துக் கும்பிடுவோம். மறுநாள் விஜயதசமி காலை வரை அதைத் தொடக் கூடாது. அந்த வழக்கத்தைப் பட்டறைக்குக் கொண்டு வந்தவள் நான். முதல் வருஷத்திலேயே, தீட்டிய கல்லைப் பொட்டலத்திலிருந்து எடுத்துப் பித்தளைத் தட்டில் பச்சரிசி பரப்பி அதன் மேல் வைத்தேன். பொட்டலத்துக்குள் இருந்தால் ஆத்தாளுக்கு எப்படித் தெரியும்? பதினைந்து வருஷமாக அப்படித்தான் செய்கிறோம். ஒரு கல் தொலைந்ததில்லை.

இந்தத் தடவை அரிசி மேல் இரண்டு வெற்றிலை வைத்தேன். வலது வெற்றிலையில் நேச்சுரல் பதினாலு, இடது வெற்றிலையில் லேப் பதினாலு.

"பொண்ணூடு ஒரு பக்கம், மாப்பிள்ளையூடு ஒரு பக்கம். தாலி எப்பக்கா?" என்றான் பச்சமுத்து.

தம்பி மட்டும் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். "ரெண்டுக்கும் ரெண்டு தட்டா வெச்சா என்னங்கக்கா?"

"ஒரு ஆத்தாளுக்கு எதுக்குடா ரெண்டு தட்டு?"

தேங்காய் உடைத்து, பொரி வைத்து, சக்கரத்துக்கெல்லாம் சந்தனம் வைத்து, வாசலில் பூசணி உடைத்துவிட்டு, கதவைப் பூட்டிச் சாவியைச் சந்திரசேகரிடம் கொடுத்தேன்.

விஜயதசமி அன்று காலை அவர் வீட்டில் சாவியை வாங்கிக்கொண்டு வந்து, ஏழு மணிக்கு முதலில் கதவைத் திறந்ததும் நானேதான். தரையெல்லாம் பொரி. தேங்காய் மூடி ஒன்று சக்கரத்தடியில் கிடந்தது, உள்ளே பல் பதிந்திருந்தது. எலி. தேங்காய்க்கு வந்த எலி தட்டின் மேல் ஏறி இறங்கியிருக்கிறது. வெற்றிலை ஒன்று பாதி தின்றபடி தரையில் கிடந்தது. கல்லெல்லாம் அரிசியோடு அரிசியாகக் கிடந்தது.

நான் யாரையும் உள்ளே விடவில்லை. அரிசியை ஒவ்வொரு மணியாக இடுக்கியால் நகர்த்தி எடுத்தேன். இருபத்தேழு வந்தது. தரையைக் கைத் துணியால் இரண்டு தடவை துடைத்தேன். இருபத்தெட்டாவது குங்குமச் சிமிழுக்குள் கிடந்தது. அதைக் கையில் எடுத்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல? எல்லாம் கிடைத்துவிட்டது. எது எது என்பதுதான் தெரியவில்லை.

சந்திரசேகர் வந்து பார்த்துவிட்டு அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "பத்தரைக்குக் கருப்பண்ணன் வாராருங்க. விஜயதசமியில வாங்கோணும்னு சொல்லிட்டாரு. சேலத்துல ஒரு கடையில டெஸ்ட் பண்ற மிஷின் இருக்குது. இன்னிக்கு லீவு நாளு, தொறக்கச் சொல்லிக் கேக்கோணும். இல்லீன்னா அவர நாளைக்கு வரச் சொல்லிரலாமா?"

நான் சொன்னேன். அந்த வார்த்தையை அப்படியே எழுதுகிறேன். "எதுக்குங்க மிஷினு? எந்தம்பி கண்ணு இருக்கறப்ப?"

எல்லோரும் தம்பியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் என்னைப் பார்த்தான்.

"சக்கரத்துல வெச்சா…" என்று ஆரம்பித்தான்.

"முடிச்ச கல்லுப்பா. மறுக்கா வெச்சா எடை போயிருமே" என்றார் சந்திரசேகர்.

"ஆமாங்க" என்றான் தம்பி. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "பாக்கறேனுங்க" என்றான்.

ஜன்னலோரம் வெள்ளைக் காகிதம் விரித்து உட்கார்ந்தான். லென்ஸைக் கண்ணில் வைத்து ஒவ்வொரு கல்லாக எடுத்தான். வைத்ததை மறுபடி எடுத்தான். இந்தப் பக்கம் வைத்ததை அந்தப் பக்கம் மாற்றினான். நான் வைத்த டீ ஆடை கட்டியது. இரண்டாவது டீயும் அப்படியே இருந்தது. கடைசியில் காகிதத்தில் இரண்டு குவியல் இருந்தது. மணி ஒன்பதே முக்கால்.

நான் எடை போட்டேன். ஒரு குவியல் நாற்பத்தொன்று. இன்னொன்று நாற்பத்திரண்டு. ஒரு சென்ட் பிசகவில்லை. "பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று தராசை எல்லோருக்கும் காட்டினேன்.

தம்பி எழுந்து சந்திரசேகரிடம் போனான். "எதுக்கும் மிஷின்ல ஒருக்கா…"

"இவன் எப்பவும் இப்படித்தானுங்க, வாயத் தொறந்து ஒண்ணும் பெருசாச் சொல்லிக்க மாட்டான்" என்று நான் சிரித்தேன். "தராசே சொல்லிருச்சு, அப்புறம் என்னடா?"

அவன் பெரியவர்கள் முன்னால் என்னை எதிர்த்துப் பேசியதில்லை. அன்றும் பேசவில்லை. நீலக் கோட்டுக் காகிதத்தில் மடித்தேன், ஐந்து மடிப்பு.

கருப்பண்ணன் பத்து இருபதுக்கே வந்துவிட்டார். விரல் நுனியெல்லாம் மஞ்சள். பொட்டலத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார். "மூணு நாளு சாமி ரூமுல வெச்சுப் பாப்பமுங்க. வைரம் அல்லாருக்கும் ஒத்துக்காதுங்களே. எங்க சின்னம்மா ஒருத்திக்கு மூக்குத்தி போட்ட அன்னிக்கே கிணத்து மோட்டாரு எரிஞ்சு போச்சு."

"உங்களுக்கு ஒத்துக்குமுங்க" என்றேன். "எந்தம்பி கை."

அந்த மூன்று நாளும் தம்பி சரியாகச் சாப்பிடவில்லை. ஜெயப்பிரியா என்னிடம் வந்து, "அண்ணி, அவரு சோத்துல கைய வெச்சுட்டு அப்படியே உக்காந்துருக்காருங்க. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லீங்கறாரு" என்றாள். கல்யாண வீட்டுக் கல், அந்தப் பொறுப்பு இருக்கும்தானே என்று நான் அவளைச் சமாதானம் செய்து அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை கருப்பண்ணன் ஃபோன் செய்தார். சந்திரசேகர் ஸ்பீக்கரில் போட்டார். "ஏனுங்க, மஞ்ச வெல ஏறிருச்சுங்க! எந்தங்கச்சி பையனுக்கு வேல கெடச்சுருச்சு! மாடு கெடேரிக் கன்னு போட்டுருக்குது! இத்தன ராசியான கல்ல நான் பாத்ததே இல்லீங்க!" பட்டறையே கை தட்டியது. நான் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கித் தெருவில் கொடுத்தேன். தம்பி ஒரு துண்டை எடுத்துக் கையிலேயே வைத்திருந்தான். "சந்தோஷமுங்கக்கா" என்றான்.

அக்டோபர் ஒன்பது, வியாழக்கிழமை. பதினொரு மணிக்குக் கருப்பண்ணனின் கார் வந்து நின்றது. பொட்டலத்தை என் மேசை மேல் வைத்தார். நான் மடித்த மடிப்பு இல்லை. யாரோ பிரித்து நாலு மடிப்பாக மடித்திருந்தார்கள்.

"ராசியில ஒரு கொறையும் இல்லீங்க" என்றார். "கொறை மிஷின்லதான். தோடு கட்டறதுக்குச் சேலத்துல குடுத்தேன். வெச்சுப் பாத்தாங்க. பதினாலுல அஞ்சு லேப் கல்லாமா."

பச்சமுத்து பாட்டை நிறுத்தினான். சக்கரம் மட்டும் சுற்றியது.

"நீங்க மாத்துனீங்கன்னு நான் சொல்ல மாட்டனுங்க. ஆனா எஞ் சம்மந்தி சொல்லுவாருங்களே? பொண்ணக் குடுக்கற எடத்துல எம் மூஞ்சி என்ன ஆகும்?"

சந்திரசேகர் எலி விஷயம் முழுவதையும் சொன்னார். கருப்பண்ணன் கேட்டுவிட்டு, "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்களே" என்றார். லேப் பொட்டலம் நல்லவேளையாக இன்னும் ராசிபுரத்துக்குப் போகவில்லை. அதையும் எடுத்துக்கொண்டு அவர் காரிலேயே சேலம் போனோம். சந்திரசேகர், தம்பி, பொட்டலம் என் பொறுப்பு என்பதால் நான்.

கடையில் மிஷின் சின்னப் பெட்டிதான், மிக்ஸி அளவு. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண், இருபது வயது இருக்கும். கல்லை வைத்தால் பச்சை விளக்கு அல்லது சிவப்பு விளக்கு. அவள் கல்லைப் பார்க்கவே இல்லை, விளக்கைத்தான் பார்த்தாள். இருபத்தெட்டுக் கல்லுக்கும் நாலே நிமிஷம். காணாமல் போன ஐந்து நேச்சுரலும் லேப் பொட்டலத்தில் இருந்தது. எல்லாம் ஒரே அளவுக் கல், ஐந்துக்கு ஐந்து மாறியது தராசுக்குத் தெரியவில்லை. எங்கள் மேல் திருட்டுப் பட்டம் இல்லை. நான் தம்பியைப் பார்த்தேன். அவன் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டு கையையும் பின்னால் கட்டியிருந்தான், பள்ளிக்கூடத்தில் நிற்பதுபோல.

கருப்பண்ணன் நல்ல மனிதர். "உங்க மேல தப்பில்லீங்க, தப்பு எலி மேல" என்று தம்பியின் தோளைத் தட்டினார். ஆனாலும் எங்கள் கல்லை எடுத்துக்கொள்ளவில்லை. அதே கடையில் சர்டிபிகேட்டோடு வேறு பதினாலு கல் எடுத்துக்கொண்டார். "காயிதத்தோட வார கல்லுன்னா நாளைக்கு யாரும் பேச முடியாதுங்களே."

திரும்பி வரும்போது பஸ். சந்திரசேகர் முன் சீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டார். நானும் தம்பியும் பின்னால் உட்கார்ந்தோம். சீலநாயக்கன்பட்டி தாண்டியதும் நான் அவன் பக்கம் திரும்பினேன்.

"எலிதான் சாமி. உன் மேல என்ன இருக்குது?" என்றேன்.

"எலி கலந்துச்சுங்க. பிரிச்சது நாந்தானுங்களே."

"உன்ற கண்ணுக்கு என்ன ஆச்சுடா அன்னிக்கு?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "அக்கா, நான் கண்ணுல பாக்கறவனே இல்லீங்க. காதுல கேக்கறவன். சக்கரத்துல வெச்சா மண்ணுல வெளஞ்ச கல்லு ஒரு மாதிரி கத்தும், நடுவுல மரக் கணு மாதிரி முடிச்சு வந்தாச் சத்தம் மாறும். லேப் கல்லு ஒரே சத்தம். முடிச்ச கல்லு பேசாதுங்க. பேசாத கல்லு எல்லாருக்கும் ஒண்ணுதான். எனக்கும் ஒண்ணுதான்."

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே தம்பி."

"நீங்க அத்தன பேரு முன்னால சொல்லிட்டீங்களே."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் டிக்கெட்டைச் சின்னதாக மடித்துக்கொண்டே சொன்னான். பதினைந்து வருஷம் மூன்று முழ தூரத்தில் உட்கார்ந்து அவன் தலை சாய்வதைப் பார்த்திருக்கிறேன். நன்றாகப் பார்ப்பதற்காகக் குனிகிறான் என்றே நினைத்தேன். அவன் ஆறு வயதில் வாசலிலிருந்து ஓடி வந்து, சத்தம் மாறுச்சுங்க என்று சொன்னபோது அங்கேயே நின்றவள் நான். ஊரெல்லாம் அவன் பெருமையைப் பேசினேன். அவனிடம் இல்லாததைச் சொல்லித்தான் பேசினேன்.

தீபாவளி கழிந்த மறுநாள் சந்திரசேகர் தம்பியின் சக்கரத்தை லேப்புக்கு மாற்றினார். ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. "தயா, நேச்சுரல் இனி வேண்டாம்பா. மிஷின் வாங்காம யாரும் நம்பறதுக்கில்ல, மிஷின் வாங்கற அளவுக்கு நேச்சுரலும் இல்ல" என்றார்.

"சரிங்கண்ணா" என்றான் தம்பி. சக்கரத்தின் எண்ணெயைத் துடைத்து, புதுப் பொடி தடவி, அன்று மதியமே லேப் கல்லில் உட்கார்ந்துவிட்டான். வேகமாகத்தான் செய்கிறான். ஒரு நாளைக்கு மற்றவர்களைவிட நாலு கல் கூடவே வரும். பட்டறையில் வேலைக்குக் குறைவில்லை. ராசிபுரம், சேலம் கடைகள் லேப் கல்தான் கேட்கின்றன. சுவரோரம் சாய்த்து வைத்த சக்கரத்தில் ஒன்றை மறுபடி மாட்டியிருக்கிறோம். சந்திரசேகர் முகம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது.

யாராவது கல்லைக் காட்டி இது என்ன என்று கேட்டால் தம்பி இப்போது கையில் வாங்குவதில்லை. "மிஷின்ல வெச்சுப் பாருங்க" என்கிறான். வீட்டில் ஜெயப்பிரியா, குழம்பில் உப்புச் சரியா என்று கேட்டதற்கு, "நீயே பாத்துக்க" என்றானாம். அதைச் சொல்லும்போது அவள் அழுதாள்.

மார்கழியில் ஒரு நாள் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு வந்தான். பச்சமுத்து கூவினான், "அண்ணா, நீங்களும் பாட்டுக் கட்சிக்கு வந்துட்டீங்களா! என்ன பாட்டுங்க ஓடுது?" தம்பி சிரித்துவிட்டு உட்கார்ந்தான். அன்றிலிருந்து தினமும் மாட்டிக்கொள்கிறான். நேராக உட்கார்ந்து கல்லை வைக்கிறான். தலை சாய்வதில்லை.

போன வாரம் என் மேசையிலிருந்து கூப்பிட்டேன். "தம்பி." அவனுக்குக் கேட்கவில்லை. "தயா, சாமி" என்று சத்தமாகக் கூப்பிட்டேன். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. எழுந்து போய்த் தோளைத் தொட்டேன். திடுக்கிட்டு ஒரு பக்கத்தைக் கழற்றினான். அதை வாங்கி என் காதில் வைத்துப் பார்த்தேன். பாட்டு எதுவும் ஓடவில்லை. சக்கரத்தின் சத்தமும் அந்தக் காதில் கேட்கவில்லை.

"என்னங்கக்கா?"

"ஒண்ணுமில்ல சாமி. முடிச்ச கல்லக் குடு, பொட்டலம் மடிக்கோணும்."

கொடுத்தான். வாங்கிக்கொண்டு வந்து சிவப்புக் கோட்டுக் காகிதத்தில் மடித்தேன்.